அயர்லாந்து அரசிடம் ஐரிஷ் மொழியில் சேவை பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

டப்ளினில் எந்தத் தெருமுனையில் நின்று பார்த்தாலும் பெயர்ப்பலகையில் ஐரிஷ் மேலே இருக்கும், ஆங்கிலம் கீழே இருக்கும். ரயிலில் அடுத்த நிறுத்தத்தை இரண்டு மொழியிலும் சொல்வார்கள். புதிதாக வந்திறங்கும் நம் ஊர்க்காரர், 'அடேயப்பா, மொழியை எப்படித் தாங்குகிறார்கள்!' என்று வியந்துபோவார். அதே ஊரில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவரிடம் ஐரிஷில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முகத்தில் ஒரு திகைப்பு, பிறகு ஒரு சங்கடச் சிரிப்பு, அப்புறம் 'ஒரு நிமிஷம், யாராவது இருக்கிறார்களா பார்க்கிறேன்' என்று உள்ளே ஒரு நடை. பலகைக்கும் கவுண்டருக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தைக் கடப்பது எப்படி என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

யாருக்கு இது? பிள்ளையை ஐரிஷ் வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, 'நாமும் கொஞ்சம் பயன்படுத்திப் பார்ப்போமே' என்று நினைக்கும் குடும்பங்களுக்கு. ஒரு சின்ன மொழிக்கு அரசு எப்படிச் சேவை செய்கிறது, காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கும் உதவும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் ஐரிஷில் பேசிக் கேட்பதைவிட எழுதிக் கேட்பதற்குத்தான் சட்டத்தின் பலம் அதிகம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றியே போகும்.

படி 1: உரிமை எங்கே எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1937 அரசமைப்பின் 8ஆவது பிரிவு ஐரிஷை தேசிய மொழி, முதல் ஆட்சி மொழி என்கிறது. ஆங்கிலம் இரண்டாவது. அரசமைப்பின் இரண்டு வடிவங்களுக்கும் நடுவே முரண் வந்தால் ஐரிஷ் வாசகமே செல்லும். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமையை எடுத்துக்கொண்டு ஒரு கவுண்டருக்குப் போனால் பத்து பைசா பெயராது. அரசமைப்பு மொழிக்குப் பட்டம் சூட்டியது. எந்த அலுவலகம் எந்த வேலையை எந்த மொழியில் செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை.

அதைச் சொல்லச் சட்டம் வர 66 ஆண்டுகள் பிடித்தன. அதுவும் தானாக வரவில்லை. 2001இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டங்களின் அதிகாரபூர்வ ஐரிஷ் மொழிபெயர்ப்பைத் தர வேண்டியது அரசின் கடமை என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் குட்டு விழுந்து இரண்டு ஆண்டுகளில் 2003 ஆட்சி மொழிகள் சட்டம் நிறைவேறியது. மொழி ஆணையர் என்ற பதவியை உருவாக்கியதும் அதுதான். 2021 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்கு ஒரு பெரிய திருத்தம் வந்தது. உங்களுக்குப் பயன்படப்போவது 2003 சட்டமும் 2021 திருத்தமும்தான். அரசமைப்பைக் கடிதத்தில் மேற்கோள் காட்டிக் கோபப்படுகிறவர்கள் உண்டு. அதைவிட 2003 சட்டத்தின் 9ஆவது பிரிவைக் காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

படி 2: எதை நம்பிக் கேட்கலாம், எதைக் கேட்டால் இழுபடும்?

எல்லா உரிமையும் ஒரே எடை இல்லை.

மிகப் பலமானது எழுத்துக்கு எழுத்து, அந்த 9ஆவது பிரிவு தருவது. நீங்கள் ஒரு பொது அமைப்புக்கு ஐரிஷில் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பினால், பதிலும் ஐரிஷில்தான் வர வேண்டும். 'எங்களிடம் ஆள் இல்லை' என்பது இங்கே சாக்கு ஆகாது. ஆள் இல்லாவிட்டால் மொழிபெயர்த்தாவது அனுப்ப வேண்டும்.

நீதிமன்றமும் அந்த வரிசையில்தான். எந்த நீதிமன்றத்திலும் ஐரிஷில் பேசலாம். ஐரிஷைத் தேர்ந்தெடுத்த காரணத்தால் உங்களுக்குத் தொந்தரவோ கூடுதல் செலவோ வரக்கூடாது. ஆனால் ஐரிஷ் தெரிந்த ஜூரிதான் வேண்டும் என்று கேட்டவருக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் ஜூரி உங்களைக் கேட்கும். கெய்ல்டாக்ட் என்னும் ஐரிஷ் பேசும் பகுதியில் பிறந்து வளர்ந்தவருக்கும் இதே கதைதான்.

அடுத்தது பலகைகளும் பதிவு செய்த அறிவிப்புகளும். 2008இல் வந்த விதிமுறைகள் இதைச் சென்டிமீட்டர் கணக்காகப் பார்க்கின்றன. புதிய பலகையில் ஐரிஷ் முதலில் வர வேண்டும், எழுத்து ஆங்கிலத்தைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது, மங்கலாகவும் இருக்கக் கூடாது, ஆங்கிலத்தில் சொல்லும் அதே தகவல் ஐரிஷிலும் இருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஓடும் பதிவு செய்த குரலுக்கு விதி உண்டு. அதே ஒலிபெருக்கியில் ஊழியர் நேரடியாகப் பேசினால் விதி இல்லை. ரயில் நிலையத்தில் பதிவுக் குரல் இரண்டு மொழி பேசுவதும், ரயில் தாமதமானதும் வரும் மனிதக் குரல் ஆங்கிலம் மட்டும் பேசுவதும் இதனால்தான்.

கடைசியில் இருப்பவை தொலைபேசியும் கவுண்டரும். பேச்சு வழிச் சேவையை ஒவ்வோர் அமைப்பும் தன் 'மொழித் திட்டத்தில்' எவ்வளவு தருவதாக ஒப்புக்கொண்டதோ அவ்வளவுதான் கேட்க முடியும். சில அமைப்புகள் தனி ஐரிஷ் தொலைபேசி இணைப்பே வைத்திருக்கின்றன. சில இடங்களில் 'கூடிய விரைவில் ஏற்பாடு செய்வோம்' என்ற அளவில் முடிந்துவிடும். இந்த மொழித் திட்டங்களுக்குப் பதிலாக, அரசே வரையறுக்கும் 'மொழித் தரநிலைகள்' வரவேண்டும் என்பதுதான் 2021 திருத்தத்தின் முக்கிய மாற்றம்.

வாய்மொழி உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் மொழி ஆணையரின் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. டப்ளினில் வண்டி ஓட்டி வந்த ஓர் இளைஞர் போலீசாரிடம் ஐரிஷில் பேச முயன்றார். கையில் விலங்கு மாட்டி நிலையத்துக்குக் கொண்டுபோய், ஐரிஷ் தெரிந்த காவலர் கிடைக்கும்வரை உட்கார வைத்தார்கள். முதல் ஆட்சி மொழியில் பேசியதற்கு!

படி 3: கடிதத்தை எழுதுங்கள்

ஐரிஷ் முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. நான்கு வரி போதும். அயர்லாந்தில் அரசுக் கடிதங்கள், ஆங்கிலத்தில் எழுதியவைகூட, 'அ ஹரா' என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'நண்பரே' என்று பொருள். வரிபாக்கி நோட்டீசும் 'நண்பரே' என்றுதான் ஆரம்பிக்கும். அதே 'அ ஹரா'வில் நீங்களும் தொடங்கி, உங்கள் கோப்பு எண்ணைப் போட்டு, வேண்டியதைக் கேட்டு, 'இஸ் மிஷெ, லெ மாஸ்' என்று முடித்துவிடலாம். நம் 'இப்படிக்கு, மரியாதையுடன்' தான் அது.

நடுவில் வரும் அரசுச் சொற்களுக்குத் தடுமாற வேண்டாம். டப்ளின் நகரப் பல்கலைக்கழகம் நடத்தும் தேசியக் கலைச்சொல் தளமான டியார்மாவில் 'வரிச்சலுகை', 'திட்ட அனுமதி' மாதிரியான அலுவலகச் சொற்கள் அத்தனையும் கிடைக்கும். ஊர்ப் பெயருக்கு லோகனம் என்ற இன்னொரு தளம், அதிகாரபூர்வ ஐரிஷ் வடிவத்தோடு.

சில நடைமுறை விஷயங்கள். முடிந்தவரை மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி தானாகப் பதிவாகும். தபாலில் அனுப்பினால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பைத் தயவுசெய்து கூடவே இணைக்காதீர்கள். உதவுவதாக நினைத்துத்தான் செய்வோம். ஆனால் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஆங்கிலத்திலேயே பதில் அனுப்ப அது வழி திறந்து கொடுத்துவிடும். என் பக்கத்து வீட்டில், மேற்கே ஐரிஷ் பேசும் கானமாராப் பகுதியிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு ஐரிஷில் மட்டும் எழுதினார். ஆறு வாரம் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. தலைப்பில் 'அ ஹரா' மட்டும் ஐரிஷ். அவர் கோபப்படவில்லை. உறையோடு எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தார். அந்த டப்பாவில் அதே மாதிரி இன்னும் நாலைந்து இருந்தன. கோபத்தைவிட உறைதான் பயன்படும் என்று எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். ஏன் என்பது படி 5இல்.

விண்ணப்பப் படிவமும் அப்படியே. ஐரிஷ் படிவம் இணையத்தில் எங்கோ ஓரத்தில் இருக்கும். இல்லையென்றால் கேட்டு எழுதுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வையும் ஐரிஷில் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

படி 4: பெயரில் கை வைக்க விடாதீர்கள்

ஐரிஷில் உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். ஃபாதா என்று பெயர். 'நீளம்' என்று பொருள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், குறில் நெடில் விவகாரம்தான். கோடு இருந்தால் 'ஷான்', ஒரு மனிதனின் பெயர். கோடு போனால் 'ஷன்', 'பழைய' என்று பொருள். 'பாடு' என்பதற்கும் 'படு' என்பதற்கும் உள்ள தூரம். ஆனால் அரசுக் கணினிகள் பலவற்றில் இந்தக் கோட்டைப் பல ஆண்டுகளாகப் போட முடியாமல் இருந்தது. பெயர் வெட்டுப்பட்டு வரும், சில சமயம் எழுத்துக்குப் பதில் ஏதோ குப்பைக் குறி வரும். மருத்துவமனைச் சீட்டில் தன் பெயரை ஒழுங்காகப் போடச் சொல்லிப் புகார் கொடுத்தவர்கள் உண்டு.

2021 திருத்தம் இதற்கென்றே ஒரு விதி வைத்தது. ஐரிஷில் பெயரும் முகவரியும் வைத்திருப்பவருக்குப் பொது அமைப்புகள் அவற்றை அப்படியே பயன்படுத்த வேண்டும் என்கிறது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். அரசு ஊழியர் ஒருவருக்கு ஒரு வார்த்தை ஐரிஷ் தெரியாவிட்டாலும் செய்யக்கூடிய, செலவு ஒரே ஒருமுறை மட்டும் ஆகக்கூடிய சேவை இது. இதைக்கூடச் செய்யாத அலுவலகம் கவுண்டரில் ஐரிஷ் பேசும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஊர்ப் பெயர் விஷயத்தில் மட்டும் சட்டம் ஒருமுறை சூடு வாங்கியது. கெர்ரி மாவட்டத்தில் டிங்கிள் என்ற சுற்றுலா ஊர் கெய்ல்டாக்டில் இருக்கிறது. 2004 ஆணைப்படி அதன் அதிகாரபூர்வப் பெயர் 'அன் டங்யன்' என்று மட்டும் ஆனது. சுற்றுலாப் பயணிகள் வழி தெரியாமல் திணறுவார்கள் என்று ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். 2006இல் வாக்கெடுப்பு நடத்தி இரட்டைப் பெயர் கேட்டார்கள், கடைசியில் 2011இல் சட்டத்தைத் திருத்தி வாங்கினார்கள். ஐரிஷ் பேசும் ஊரே ஐரிஷ் மட்டும் உள்ள பலகையை எதிர்த்தது என்று டப்ளின் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

படி 5: ஆங்கிலத்தில் பதில் வந்தால்

முதலில் அதே அலுவலகத்துக்கே ஒருமுறை எழுதுங்கள், ஐரிஷில்தான். 'இன்ன தேதியில் எழுதினேன், பதில் ஆங்கிலத்தில் வந்தது, 9ஆவது பிரிவின்படி ஐரிஷில் அனுப்புங்கள்.' பாதி விவகாரம் இங்கேயே தீர்ந்துவிடும். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது, கடிதம் தவறான மேசைக்குப் போயிருக்கும்.

தீராவிட்டால் மொழி ஆணையர். அலுவலகம் டப்ளினில் இல்லை. மேற்கே கால்வே கடற்கரையில் ஸ்பிடேல் என்ற ஊரில், கெய்ல்டாக்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆணையரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் தீர்மானத்துக்குப் பிறகு குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், பதவிக்காலம் ஆறு ஆண்டு. புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். நீங்கள் எழுதியது, அவர்கள் அனுப்பியது, தேதிகள், இவை இருந்தால் போதும். பிஸ்கட் டப்பாவின் அருமை இப்போது தெரியும். வாய்மொழிச் சண்டையில் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று அவர்கள் சொல்லிவிடலாம். உறைமேல் அச்சான தேதி அப்படிச் சொல்லாது.

ஆணையர் அலுவலகம் முதலில் சுமுகமாகப் பேசிப் பார்க்கும். நகரவில்லை என்றால் முறையான விசாரணை, தகவல்களும் ஆவணங்களும் கேட்டு வாங்கும் அதிகாரத்தோடு. விசாரணையைத் தடுப்பதோ ஒத்துழைக்க மறுப்பதோ குற்றம். முடிவில் சட்டம் மீறப்பட்டதா இல்லையா என்று அறிக்கை வரும், என்ன செய்ய வேண்டும் என்ற பரிந்துரையும் வரும். அதையும் அமைப்பு கண்டுகொள்ளாவிட்டால், ஆணையர் விஷயத்தை நாடாளுமன்ற அவைகளின் முன் வைக்கலாம். சட்டப் புள்ளியில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடும் உண்டு.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஆணையருக்குக் கண் உண்டு, வாய் உண்டு. கை அவ்வளவாக இல்லை. முதல் ஆணையர் ஷான் ஓ கிரான் 2004இல் பதவியேற்றார். இரண்டாவது பதவிக்காலத்தின் நடுவே, 2013 டிசம்பரில், விலகப்போவதாக அறிவித்தார். அரசுக்கு மனம் இல்லை என்பதுதான் காரணம். போவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கல்வித் துறையின் நிர்வாக ஊழியர்களில் ஐரிஷ் தெரிந்தவர்கள் 1.5 சதவீதம். அன்றைக்கு இருந்த வேகத்தில் அது 3 சதவீதம் ஆக 28 ஆண்டுகள் ஆகும்! ஊர் முழுக்கப் பள்ளிகளில் ஐரிஷ் கட்டாயப் பாடமாக வைத்திருக்கும் துறையின் நிலைமை இது. 2014 பிப்ரவரியில் டப்ளின் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சிவப்பு உடுத்து ஊர்வலம் போனார்கள். 'கோபத்தில் சிவந்து' என்பதுதான் அன்றைய கோஷம்.

படி 6: நீங்கள் கவுண்டருக்கு உள்ளே இருப்பவர் என்றால்

நம்மவர்கள் பலர் இன்றைக்கு அயர்லாந்தின் மருத்துவமனைகளிலும் நகராட்சிகளிலும் வேலை செய்கிறார்கள், அதனால் இந்தப் படி.

ஐரிஷ் சேவை என்றதும் பல அலுவலகங்கள் உடனே மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்குத்தான் போன் போடும். தடிமனான ஆண்டறிக்கை அழகான ஐரிஷில் வெளியாகும். 2003 சட்டமே அப்படிக் கேட்டதுதான் காரணம். யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். அந்த ஆண்டறிக்கையின் செலவைக் காட்டித்தான் 'ஐரிஷ் என்றாலே வீண்செலவு' என்று நகராட்சிக் கூட்டங்களில் பேசினார்கள். கேள்வி நியாயமானதுதான், எடுத்துக்கொண்ட உதாரணம்தான் தப்பு. மக்கள் தொடும் இடங்களில் முதலில் ஐரிஷை வையுங்கள்: விண்ணப்பப் படிவம், அதற்கு வரும் தானியங்கி மின்னஞ்சல், தொலைபேசியின் முதல் வாழ்த்து, பெயர்ப் பெட்டியில் ஃபாதா.

மொழிபெயர்ப்பு வாங்கும்போது ஐரிஷ் மொழியை வளர்க்கும் அரசு அமைப்பான ஃபோரஸ் ன கெய்ல்கெயின் அங்கீகார முத்திரை பெற்ற மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுங்கள். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே பலகையில் ஏற்றி, ஊரே சிரித்து, பிறகு கழற்றி மாட்டிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

அப்புறம் ஆள். யாருக்கு ஐரிஷ் தெரியும் என்று ஊழியர்களிடமே கேளுங்கள். வியப்பாக இருக்கும். 2022 கணக்கெடுப்பில் 18,73,997 பேர், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 40 சதவீதம், ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருப்பவர்கள் எல்லாம் 'பள்ளியில் பதிமூன்று வருஷம் படித்தேன், ஆனால் வாய் வராது' என்கிற ரகம். அவர்களில் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடுத்தால் கவுண்டருக்கு ஆள் கிடைத்துவிடும். அளவிட ஒரு தேர்வும் இருக்கிறது. மேனூத் பல்கலைக்கழகம் நடத்தும் ஐரிஷ் மொழிக்கான ஐரோப்பியச் சான்றிதழ், தொடக்க நிலையிலிருந்து உயர்நிலை வரை படிப்படியாக.

ஆளை வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, இருக்கிறார் என்று தெரிய வேண்டும். 'அன் வில் கெய்ல்கெ அகத்?' என்று வாடிக்கையாளர்தான் கேட்க வேண்டும் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஐரிஷில் அந்தக் கேள்வியே அழகு: 'உங்களிடம் ஐரிஷ் இருக்கிறதா?' என்றுதான் கேட்பார்கள், தெரியுமா என்று கேட்பதில்லை. எல்லோரும் ஆங்கிலம் அறிந்த நாட்டில், வரிசையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது, கேட்பதற்கே கூச்சமாக இருக்கும். அதனால் முதல் வணக்கத்தை அலுவலகம்தான் ஐரிஷில் சொல்ல வேண்டும். 'கேட்டால் தருவோம், யாரும் கேட்பதில்லை' என்று சொல்லும் மேலாளர்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

1974 வரை அரசுப் பணிக்கு ஐரிஷ் கட்டாயம். அதை எடுத்ததும் திறன் மெல்லக் கரைந்தது. 2021 திருத்தம் நடுவாந்திரமாக ஒரு வழி சொல்கிறது: 2030 முடிவதற்குள், பொதுப்பணியில் புதிதாகச் சேர்கிறவர்களில் குறைந்தது 20 சதவீதம் பேர் ஐரிஷில் திறமை உள்ளவர்களாக இருக்க வேண்டும். இதற்கான தேசியத் திட்டத்தை 2024 அக்டோபரில் வெளியிட்டார்கள். இருபது சதவீதம் வெறும் எண்ணாக நிற்குமா, இந்த ஆட்கள் ஐரிஷ் தேவைப்படும் மேசைகளில்தான் உட்காருவார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐரிஷ் தெரிந்தவரைக் கிட்டங்கிக் கணக்குப் பார்க்க அனுப்பிவிட்டு, கெய்ல்டாக்ட் அலுவலகத்தில் தெரியாதவரை உட்கார வைப்பது இங்கே பழைய வியாதி.

படி 7: காசு எங்கிருந்து வருகிறது?

அரசுச் சேவையை ஐரிஷில் தருவதற்கென்று ஒரே பெரிய உண்டியல் கிடையாது. நகராட்சி ஐரிஷில் பதில் எழுதினால் நகராட்சியின் காசு, வருவாய்த்துறை எழுதினால் வருவாய்த்துறையின் காசு. 'உள்ள வரவு செலவுக்குள் பார்த்துக்கொள்' என்பதுதான் ஏற்பாடு. கேட்க நியாயமாக இருந்தாலும், நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படுவது இப்படித் தனிப்பெயர் இல்லாத செலவுதான். 2008க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் அதைத்தான் பார்த்தார்கள். ஆணையர் அலுவலகத்தையே வேறோர் அலுவலகத்தோடு இணைத்துவிடலாம் என்றுகூட 2011இல் அரசு முடிவெடுத்து, எதிர்ப்புக்குப் பிறகு கைவிட்டது.

தனிப்பெயரோடு வரும் காசு மூன்று வாய்க்காலில் ஓடுகிறது.

முதலாவது, கெய்ல்டாக்ட் விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சகம். கெய்ல்டாக்ட் வளர்ச்சி ஆணையமான ஊதராஸ் ன கெய்ல்டாக்டா இதன் வழியாகப் பணம் பெறுகிறது. கெய்ல்டாக்ட் என்பது ஒரே துண்டு நிலம் அல்ல, ஏழு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. 2012 சட்டம் அதை 26 மொழித் திட்டப் பகுதிகளாகப் பிரித்தது. ஒவ்வொரு பகுதியும் தன் ஊருக்கான மொழித் திட்டத்தைத் தானே எழுத வேண்டும், ஏற்கப்பட்டால் ஆண்டுதோறும் பணமும் ஒரு மொழி அலுவலரும் கிடைக்கும். யோசனை நல்லது. ஆனால் வீட்டு வாடகை ஏறி இளம் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனால், ஒற்றை மொழி அலுவலர் யாருக்குச் சேவை செய்வார்?

இரண்டாவது, ஃபோரஸ் ன கெய்ல்கெ. வடக்கு அயர்லாந்துச் சண்டையை முடித்த 1998 பெரிய வெள்ளி உடன்படிக்கையின் பயனாக 1999 டிசம்பரில் பிறந்த, பிரிட்டனின் பகுதியான வடக்கு அயர்லாந்தும் தெற்கே உள்ள அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் அமைப்பு. செலவில் 75 சதவீதம் டப்ளின், 25 சதவீதம் வடக்கின் தலைநகர் பெல்பாஸ்ட். 1893இல் தொடங்கிய ஐரிஷ் மொழி இயக்கமான கொன்ரா ன கெய்ல்கெ உள்ளிட்ட ஆறு முன்னணி அமைப்புகளுக்கு 2014 முதல் இதன் வழியாகத்தான் அடிப்படை நிதி போகிறது. சிக்கலும் இதில்தான். இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் வரவு செலவைக் கூட்ட முடியும். வடக்கு அயர்லாந்து அரசு 2017 முதல் 2020 வரையும், பிறகு 2022 முதல் 2024 தொடக்கம் வரையும் இயங்காமல் கிடந்தது. டப்ளின் கையில் காசு இருந்தாலும், கூட்டாளி மேசைக்கே வராமல் எப்படிக் கொடுப்பது?

மூன்றாவது வாய்க்கால் சின்னது, எனக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பொது அமைப்பும் ஓர் ஆண்டில் தரும் விளம்பரங்களில் குறைந்தது 20 சதவீதம் ஐரிஷில் இருக்க வேண்டும், விளம்பரச் செலவில் குறைந்தது 5 சதவீதம் ஐரிஷ் ஊடகங்களில் போக வேண்டும். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி. புதிய காசு ஒரு யூரோவும் ஒதுக்கவில்லை. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் ஒரு கிளை வெட்டினார்கள், அவ்வளவுதான். 'முடிந்தவரை ஐரிஷை ஊக்குவிக்கவும்' என்று எழுதியிருந்தால் இன்றைக்கும் ஊக்குவித்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

எண்ணும் கெடுவும் வைத்தால் நடக்கும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியமும் சாட்சி. 2007 ஜனவரி 1 அன்று ஐரிஷ் அங்கே அலுவல் மொழியானது. ஆனால் போதிய மொழிபெயர்ப்பாளர்கள் இல்லை என்று பெரும்பாலான ஆவணங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கை 2021 இறுதிக்குள் படிப்படியாக முடிப்பது என்று 2015இல் தேதி குறித்தார்கள். அயர்லாந்து அரசு பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்பு, சட்டமொழிப் படிப்புகளுக்குப் பணம் போட்டது. 2022 ஜனவரி 1 அன்று விலக்கு முடிந்தது. பிரசெல்சில் முடிந்தது டப்ளின் கவுண்டரில் ஏன் முடியவில்லை என்று கேட்டால், அங்கே வேலையும் சம்பளமும் தேதியும் சேர்ந்து இருந்தன என்பதுதான் என் பதில்.

படி 8: நீங்கள் பெல்பாஸ்டில் இருந்தால்

மேலே சொன்ன சட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாது. லண்டன் நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய அடையாளம் மற்றும் மொழிச் சட்டம்தான் உங்களுடையது. ஐரிஷுக்கு அங்கீகாரம், ஓர் ஐரிஷ் மொழி ஆணையர், பொது அமைப்புகளுக்கு நல்ல நடைமுறைத் தரநிலைகள், இவற்றோடு நீதிமன்றங்களில் ஆங்கிலம் மட்டுமே என்ற 1737ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கவும் வழி செய்தது. தெற்கில் உள்ள 'எழுத்துக்கு எழுத்து' உரிமை போல நேரடியான உரிமை அதில் இல்லை. ஆனாலும் ஐரிஷில் எழுதுங்கள், நகலை வையுங்கள்.

கடைசியாக ஒரு தேதி

அயர்லாந்தின் வரவு செலவுத் திட்டம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருகிறது. கொன்ரா ன கெய்ல்கெ போன்ற அமைப்புகள் அதற்கு முன்பே என்ன வேண்டும் என்று விலை போட்டுப் பட்டியல் வெளியிடுகின்றன. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுவதானால் கோடை விடுமுறை முடிந்த கையோடு எழுதிவிடுங்கள். பொதுவாக 'ஐரிஷைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால் நன்றி தெரிவித்து ஒரு பதில் வரும். 'எங்கள் ஊர் மையத்தில் ஐரிஷ் தெரிந்தவர் வாரத்தில் எந்த நாள் இருப்பார்? அந்த இடத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். 'அ ஹரா' என்று தொடங்க மறக்காதீர்கள்.